முதலில் வடிகான், கடைசியில் கொங்கிரீட்

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. பண்டாரவளைக்குப் பக்கத்தில், முன்பு மரக்கறி போட்டுக்கொண்டிருந்த ஓர் ஏக்கர் சரிவு நிலத்தை ஒருவர் 12 துண்டாகப் பிரித்து விற்கிறார். அதில் 10 பேர்ச்சஸ் உங்களுக்கு. நடுவே 15 அடி அகலத்தில், ஏறத்தாழ 500 அடி நீளத்துக்குப் பாதை. ஒன்பது துண்டு விற்றாகிவிட்டது, மூன்று வீடு எழும்புகிறது. பாதை மட்டும் பெக்கோ வெட்டிப்போட்ட செம்மண்ணாகவே கிடக்கிறது. கேட்டால் "எல்லா வீடும் கட்டி முடியட்டும், அப்புறம் கொங்கிரீட் போட்டுத் தருகிறேன்" என்கிறார் விற்றவர். வாங்கியவர்களில் பாதிப் பேர் உடனே போடச் சொல்கிறார்கள், மற்றவர்கள் பொறுக்கலாம் என்கிறார்கள். நீங்கள் டோஹாவில், அப்பாதான் அங்கே நின்று வீட்டு வேலையைப் பார்க்கிறார். இந்தத் தாமதம் நியாயமா, ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும்தான். கொங்கிரீட்டைத் தள்ளிப்போடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சாக்கில் வடிகான், மதகு, தடுப்புச்சுவர், காணி உறுதியில் எழுத வேண்டியது என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிப்போடுவதுதான் ஏமாற்று. மலையகத்தில் பாதையைக் கெடுப்பது வாகனத்தை விடத் தண்ணீர். முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்துப் பாதை வேலைகளில் மேற்பார்வையாளனாக நின்றவன் என்ற முறையில் அடித்துச் சொல்வேன்.

முதலில் விற்றவர் பக்க நியாயத்தைப் பார்ப்போம். ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி, எடை நாலரைத் தொன் அளவில் வரும். இரண்டு கியூப் ஏற்றிய டிப்பர் ஒன்பது தொன் சுமையோடு, தன் எடையையும் சேர்த்துக்கொண்டு, உங்கள் பாதையில் ஏறுகிறது. பாதைக்கு வரும் சேதம் சுமை கூடும் அதே கணக்கில் கூடுவதில்லை. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பாதைப் பொறியியலில் பழைய கணக்கு. அதாவது ஒரு வீட்டுக்கு மணல், மெட்டல், பிளொக், கம்பி ஏற்றிவரும் லொறிகள் சில மாதத்தில் செய்கிற சேதத்தை, அந்த வீட்டுக்காரரின் காரும் ஆட்டோவும் ஆயுள் முழுக்க ஓடினாலும் செய்யாது. இன்னும் ஒன்பது வீடு கட்டப்பட வேண்டிய இடத்தில் இன்றைக்கே கொங்கிரீட் போடுவது, சுவருக்குச் சாந்து பூச முன்னமே பெயின்ற் அடிப்பது மாதிரி.

இதை நானே பட்டுத்தான் படித்தேன். ஹட்டன் பக்கம் நான் வீடு கட்டிய இடத்தில் எட்டுத் துண்டு. நாலு வீடு எழும்பியதும் எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஆளுக்கு ஆள் காசு போட்டு, தைப்பொங்கலுக்கு முன்னால் நாலு அங்குலக் கொங்கிரீட்டைப் போட்டுவிட்டோம். வடிகானுக்குக் காசு போதவில்லை, பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். மற்ற நாலு பேரும் வீடு கட்டத் தொடங்கினார்கள். முதலில் ஓரங்கள் உடைந்தன. பிறகு தண்ணீர்க் குழாய்க்காக மூன்று இடத்தில் குறுக்கே வெட்டினார்கள். வைகாசி மழை பிடித்ததும் மேலிருந்து வந்த தண்ணீர் அந்த வெட்டுக்குள் இறங்கி, கொங்கிரீட்டுக்கு அடியில் ஓடத் தொடங்கியது. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. அலவாங்கால் தட்டிப் பார்த்தேன், நல்ல இடத்தில் 'ணங்' என்றது, சில இடங்களில் காலிப் பெட்டியைத் தட்டுவது மாதிரி 'டொக், டொக்' என்றது. அடுத்த வருடம் ஓரத்தில் ஒரு பொந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதற்குள் போய் முட்டையிட்டு அடையும் கிடந்தது. பாதை வேலை பார்த்தவன் வீட்டுப் பாதைக்கு வந்த கதி என்று ஊரே சிரித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சரிவில் பாதை எடுக்கும்போது மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி அகலம் காட்டுவார்கள். பாதையின் பாதி பழைய கெட்டி நிலம், மறுபாதி கொட்டிய மண். முறைப்படி செய்தால் ஆறு முதல் எட்டு அங்குலப் படையாக மண் போட்டு, ஒவ்வொரு படையையும் ரோலரால் இறுக்கி ஏற்ற வேண்டும். பெக்கோவின் வாளியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போனதுதான் உங்கள் பாதையாக இருக்கும் என்று நினைக்கிறேன், அனேகமாக எல்லா இடத்திலும் அதுதான் நடக்கிறது. அப்படிக் கொட்டிய மண் ஒரு முழு மழைக்காலமாவது குடித்து இறங்காமல் அதன் மேல் கொங்கிரீட் போட்டால், வெட்டிய பாதிக்கும் கொட்டிய பாதிக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி நெடுக வெடிக்கும்.

ஆக, கொங்கிரீட் பொறுக்கலாம். இனி, ஒரு நாளும் பொறுக்கக்கூடாதவற்றுக்கு வருகிறேன்.

வடிகான்தான் முதலாவது. உங்கள் பாதை மலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. மேலே உள்ள சரிவிலிருந்து முன்பு பரவலாக இறங்கிய மழைத் தண்ணீர் முழுவதும் இனி பாதையில் சேர்ந்து ஓடையாக ஓடும். அதைப் பிடிக்க மேல்பக்க ஓரத்தில் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்குக் குறையாமல் கல் கட்டிய அல்லது கொங்கிரீட் வடிகான் வேண்டும். இறக்கம் கடுமையான இடங்களில் அதையே படிபடியாகக் கட்டினால் தண்ணீரின் வேகம் உடையும். பாதையைக் கடக்கும் இடத்தில் ஹியூம் பைப், அதாவது கொங்கிரீட் குழாய், போடுவதானால் 18 அங்குலத்துக்குக் குறைய ஒத்துக்கொள்ளாதீர்கள். 9 அங்குலப் பைப்பை ஒரு மழையில் சருகும் பொலித்தீன் பையும் அடைத்துவிடும். கடைசியில் அந்தத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. இயற்கையான ஓடை வரை கொண்டுபோய் விட வேண்டும். கொட்டிய மண்ணின் விளிம்பிலோ, கீழே இருப்பவரின் காணியிலோ விட்டால் வழக்கும் வரும், மண்சரிவும் வரும்.

மண்சரிவை நான் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்தது உங்கள் மாவட்டத்தில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களை என்ன செய்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கேட்கிறார்கள். என்.பி.ஆர்.ஓ. கடிதம் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பலர் அதை வீட்டுப் பிளானோடு இணைக்கிற ஒரு தாளாக மட்டும் பார்க்கிறார்கள். அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை வாசியுங்கள். சரிவை வெட்டும் உயரம், வடிகான், தடுப்புச்சுவர் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், விற்றவரிடம் பேசுவதற்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. அது உங்கள் விருப்பமாக இல்லாமல் நிபந்தனையாக ஆகிவிடுகிறது. தடுப்புச்சுவர் கட்டினால் தண்ணீர் கசிய ஓட்டை வைத்து, பின்னால் மெட்டல் நிரப்பச் சொல்லுங்கள். ஓட்டை இல்லாத சுவர் அணைக்கட்டு மாதிரி, ஒரு மழைக்காலத்தில் வயிறு தள்ளும்.

அடுத்தது மட்டம். இதை யாரும் யோசிப்பதில்லை. இன்றைக்கு மண் பாதையைப் பார்த்துத்தான் மூன்று வீட்டுக்காரரும் கேட் மட்டமும் வாசல் மட்டமும் வைக்கிறார்கள். நாளைக்கு அதன் மேல் ஆறு அங்குலம் ஏ.பீ.சீ. கல் (பெரிதும் சிறிதும் கலந்த உடைகல்), ஐந்து அங்குலம் கொங்கிரீட் வந்தால் பாதை கிட்டத்தட்ட ஓர் அடி உயரும். பாதைக்குக் கீழ்ப்பக்கம் உள்ள வீடுகளின் வாசல் அப்போது பள்ளத்தில் இருக்கும். மழைக்கு முன்வாசலால் தண்ணீர் வந்து குசினியால் வெளியே போகும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். ஆகவே கொங்கிரீட் எப்போது போட்டாலும் சரி, அதன் முடிவு மட்டத்தை இப்போதே தீர்மானித்து, 50 அடிக்கு ஒரு கொங்கிரீட் கட்டை நட்டு, அதில் கோடு கீறி வைத்துவிட வேண்டும். பெரிய கருவி வேண்டாம், மேசன்மார் வைத்திருக்கிற தண்ணீர் டியூப் போதும். உங்கள் அப்பா அஸ்திவாரம் போட்டுவிட்டாரா? இல்லையென்றால் இந்த வேலை நாளைக்கே.

பாதைக்குக் குறுக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு அங்குல பீ.வீ.சீ. குழாய் ஒன்றை இப்போதே புதைத்து, இரண்டு முனையையும் மூடி வையுங்கள். பிறகு தண்ணீர், வயர் எது வந்தாலும் அதற்குள்ளால் இழுக்கலாம். கொங்கிரீட்டை வெட்ட வேண்டி வராது. சில ஆயிரம் ரூபாய் வேலை.

ஓர் இடத்தில் மட்டும் கொங்கிரீட்டை இப்போதே போடச் சொல்வேன். பாதையில் ஒரு மேட்டு வளைவு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது எட்டடிக்கு ஓர் அடி அல்லது அதற்கும் கடுமையாக ஏறுகிறதென்றால், அங்கே வெறும் கல் நிற்காது. லொறிச் சில்லு சுழன்று கல்லை வாரி எறியும், மழை மிச்சத்தை அள்ளிப்போகும். அந்த 60, 70 அடிக்கு மட்டும் ஆறு அங்குலத்தில், மேற்பரப்பை விளக்குமாற்றால் குறுக்கே கீறி விட்டு, கனமாகப் போட்டுவிடுங்கள். மற்ற இடத்துக்கு ஏ.பீ.சீ. அல்லது நல்ல கிரவல் போட்டு ரோலர் ஓட்டினால் கட்டுமான காலத்தை ஓட்டிவிடலாம். இன்டர்லொக் கல்லைப் பற்றி யாராவது சொன்னால், சமதரைக்கு நல்லது, கழற்றிப் போடலாம். உங்கள் ஏற்றத்தில் அது வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகரும்.

போடும் மாதத்தையும் கவனியுங்கள். எங்கள் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை கொட்டும். எங்களுக்குத் தை முதல் பங்குனி வரைதான் வேலைக் காலம். உங்கள் ஊவாப் பக்கம் கிட்டத்தட்ட மறுதலை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று. கொழும்பிலிருந்து வரும் கொந்தராத்துக்காரர் இதைத் தெரியாமல் டிசம்பரில் வந்து நிற்பார். காய்ந்த காற்றிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது, கொங்கிரீட்டின் மேல் ஈரம் சீக்கிரம் பறந்து மயிர்க்கோடாக வெடிக்கும். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். 12, 15 அடிக்கு ஒரு மூட்டு விட வேண்டும். 28 நாளுக்கு லொறி ஏறக்கூடாது. இந்த மூன்றையும் கையில் எழுதிக் கொடுத்தாலும் மறப்பார்கள், அப்பாதான் நின்று பார்க்க வேண்டும்.

சரி, இனிக் காசும் எழுத்தும். உங்களுக்கு நிஜமாகவே ஆபத்து இருப்பது இங்கேதான்.

"எல்லா வீடும் கட்டி முடிந்த பிறகு" என்பது வராத தேதி. 12 பேரில் இரண்டு பேராவது பிள்ளைக்கென்று வாங்கிப்போட்டிருப்பார்கள், பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. ஒருவர் கனடாவில் இருப்பார். ஆகவே நிபந்தனையை மாற்றுங்கள். எட்டு வீட்டுக்குக் கூரை ஏறியதும், அல்லது இன்ன வருடம் இன்ன மாதத்துக்குள், எது முந்துகிறதோ அப்போது கொங்கிரீட். இது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாகக் கொடுத்த வாக்கை மீறினால் வழக்குப் போட மூன்று வருடம், எழுதிய ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் என்கிறது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம். "பார்க்கலாம், பொறுங்கள்" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், வாங்கியவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

காசைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 500 அடி நீளம், வாகனம் ஓடும் பகுதி 10 அடி அகலம், ஐந்து அங்குலத் தடிப்பு. ஏறத்தாழ 21 கியூப் கொங்கிரீட். 1:2:4 கலவைக்கு (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, மெட்டல் நாலு) சுமார் 380 மூடை சீமெந்து. 2021இல் மூடை ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தபோது சீமெந்துக்கு மட்டும் நாலு லட்சத்துக்குள் முடிந்திருக்கும். 2022இல் மூடை 3,000 ரூபாவைத் தொட்டபோது அதே பாதைக்குப் பதினொரு லட்சத்துக்கு மேல். அப்போது காணி விற்ற பலர் "விலை ஏறிவிட்டது, நான் என்ன செய்ய" என்று கையை விரித்துவிட்டார்கள். எனவே இன்றைய விலைக்குப் பாதைச் செலவைக் கணக்கிட்டு, அந்தத் தொகையை விற்றவரும் வாங்கியவர்களில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய ஒரு நிலையான வைப்பில் போடச் சொல்லுங்கள். விலை ஏறினால் வட்டி கொஞ்சமாவது ஈடுகட்டும். ஒத்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். அவருக்கு இன்னும் மூன்று துண்டு விற்க இருக்கிறது. அந்த மூன்றும் விற்கும் வரைக்கும்தான் உங்கள் சொல்லுக்கு மரியாதை. வாங்க வருகிறவர் பாதையைப் பற்றி முதலில் விசாரிப்பது அங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் அப்பாவிடம் என்பதை விற்றவரும் அறிவார். கடைசித் துண்டு போன மறுநாள் அவருடைய போன் வேலை செய்யாது.

இனி வீடு கட்ட வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு தொகையைப் பிணையாக வாங்கி, கட்டி முடிந்ததும் பாதையும் வடிகானும் சேதமில்லாமல் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். எங்கள் இடத்தில் பிறகு இதைச் செய்தோம். வடிகானுக்குள் மணல் கொட்டுவது உடனே நின்றது.

உறுதியை எடுத்துப் பாருங்கள். நில அளவையாளரின் வரைபடத்தில் பாதைக்குத் தனி லொட் இலக்கம் இருக்கிறதா? உங்கள் உறுதியின் அட்டவணையில் அந்த லொட்டின் மேல் உங்களுக்கு வழியுரிமை என்று எழுதியிருக்கிறதா? வழியுரிமை என்பது காணியைச் சேர்ந்த உரிமை. எங்கள் சட்டத்தில் அது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும், வெறும் ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தந்தது போதாது. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டாலும் அவர்களின் சட்டத்தரணி முதலில் தேடுவது இந்த வரியைத்தான். இதற்கு மேலேயும் ஒரு பொறி இருக்கிறது. வழியுரிமை உங்களுடையது, ஆனால் பாதை லொட்டின் சொந்தம் இன்னும் விற்றவர் பெயரில். அவர் நாளைக்குப் பக்கத்துக் காணியையும் வாங்கி, இன்னும் 20 துண்டு போட்டு, அவர்களுக்கும் இதே பாதையில் வழி எழுதிக் கொடுக்கலாம். உங்கள் காசில் போட்ட கொங்கிரீட்டில் அவருடைய டிப்பர் ஓடும். இப்படி நடந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே பாதை லொட்டை 12 பேருக்கும் பிரிக்கப்படாத பங்காக எழுதி வாங்குங்கள், அல்லது பிரதேச சபைக்கு எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள்.

சபைக்குக் கொடுத்தால் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, பொதுப் பணமும் வரலாம். ஆனால் பாதை எல்லாருக்கும் பொதுவாகிவிடும், கேட் போட முடியாது. அகலமும் வடிகானும் சரியில்லாத பாதையைச் சபை சும்மா தலையில் ஏற்றிக்கொள்ளாது என்பதால், அதற்கும் வடிகான்தான் முதலில் வேண்டும். உட்பிரிவு வரைபடத்தைச் சபை அங்கீகரித்ததா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு, அங்கீகரித்த பிரதியை வாங்குங்கள். அதில் பாதைக்குக் காட்டிய அகலம் நிலத்தில் இருக்கிறதா என்று நாடா பிடித்து அளக்க வேண்டும். தேயிலைத் தோட்டக் காணியாக இருந்தால் கதை வேறு. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதே சிக்கலாக இருந்தது. உங்களுடையது தனியார் உறுதிக் காணி, அந்தத் தலைவலி இல்லை.

பேச்சு முறிந்தால் உடனே பொலிசுக்கு ஓடாதீர்கள். அடைத்த வழியைத் திறக்க அது உதவும், போடாத பாதையைப் போட வைக்க உதவாது. மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே இணக்கம் ஏற்பட்டால், அவர் ஒத்துக்கொண்டது எழுத்தில் வந்துவிடும். ஆனால் 9 பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுப் போங்கள். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை சொல்லி அனுப்புவார்.

இப்போதைக்கு அப்பாவிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அடுத்த பெரிய மழை பெய்யும்போது, விட்ட பிறகு அல்ல, பெய்துகொண்டிருக்கும்போதே, குடையோடு பாதையின் மேல் முனையிலிருந்து கீழே வரை நடக்கட்டும். கால் வழுக்கும், ஒரு கம்பை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் ஏறுகிறது, எங்கே குறுக்கே வெட்டுகிறது, எங்கே கலங்கலாக மண்ணோடு விளிம்பால் விழுகிறது என்று போனில் படம் எடுக்கட்டும். அந்தப் படங்களையும் வரைபடத்தின் பிரதியையும் அனுப்புங்கள், வடிகான் எந்தப் பக்கம், மதகு எந்த இடத்தில் என்று கோடு போட்டுத் தருகிறேன்.